ஏறியது விமானம், ‘இறங்குகிறது’ என்றது போர்க்கப்பல்!

போர்க்கப்பலிலே இருந்து வானத்தை நோக்கிச் சுடுகிறவன், வானத்தைப் பார்ப்பதில்லை! கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் நடப்பு அதுதான். கப்பலின் உள்ளே, சன்னல் இல்லாத ஓர் அறை. மங்கிய வெளிச்சம். வரிசை வரிசையாகத் திரைகள். திரையிலே ஒரு சிறு குறி. அந்தக் குறிக்கு ஓர் எண். அவனுக்கு விமானம் என்பது அவ்வளவுதான். உள்ளே இருப்பது வெடிகுண்டா, மடியிலே குழந்தையை வைத்துக்கொண்டிருக்கும் தாயா என்பது அந்தக் குறியைப் பார்த்தால் தெரியாது.

அந்த இருட்டறையைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். ஆலையிலே உழைக்கும் தோழனுக்கும், துறைமுகத்திலே மூட்டை சுமக்கும் தோழனுக்கும் இதனால் ஆவதென்ன என்று கேட்பீர்கள். ஆவது உண்டு. கடைசிவரை படியுங்கள், தெரியும்.

நண்பனா, பகைவனா?

அடையாளம் தெரியாத விமானம் ஒன்று கப்பலை நோக்கி வருகிறது. என்ன செய்வது? கப்பல் முதலில் வானொலி அலை மூலம் ஒரு கேள்வி வீசும். விமானத்திலே உள்ள கருவி அதற்குத் தானாகவே ஓர் எண்ணைப் பதிலாக அனுப்பும். படை விமானத்துக்கு ஒரு வகை எண். பயணி விமானத்துக்கு வேறு வகை. பிறகு அது வரும் திசை, வேகம், உயரம், ஏறுகிறதா இறங்குகிறதா, பயணி விமானங்கள் செல்லும் வழக்கமான வான்வழியிலே போகிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். வானொலியிலே கூப்பிட்டு, “யார் நீ? விலகிப் போ!” என்று எச்சரிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பிறகுதான் சுடலாமா கூடாதா என்ற முடிவு.

அந்த முடிவுக்கென்று எழுதி வைத்த விதிகள் உண்டு. பகைவன் சுட்டால் திருப்பிச் சுடலாம். இது முதல் விதி. பகைவன் சுடப் போகிறான் என்று தெரிந்தால், அவன் சுடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இது இரண்டாவது விதி. முதல் விதியிலே சிக்கல் இல்லை. இரண்டாவது விதியிலேதான் இருக்கிறது அத்தனை ஆபத்தும்! செய்கையைக் கண்ணால் காணலாம். கருத்தை எப்படிக் காண்பது? ‘சுடப் போகிறான்’ என்பது அவன் மனத்திலே இருப்பது. அதைத் திரையிலே தெரியும் ஒரு குறியைக்கொண்டு, சில நிமிடங்களிலே, அச்சத்தோடு உட்கார்ந்திருக்கும் இளைஞன் ஊகிக்க வேண்டும்.

இந்த ஊகத்தைப் பழகிக்கொள்ளத்தான் கடற்படைகள் போர் ஒத்திகை நடத்துகின்றன. நீலப் படை என்றும் சிவப்புப் படை என்றும் பிரிந்து மோதுகிறார்கள். நடுவர் இருக்கிறார், புள்ளி போடுகிறார். நல்லதுதானே, பழகாமல் போருக்குப் போக முடியுமா என்பார்கள். பழகட்டும், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எதைப் பழகுகிறார்கள் என்று கேட்கிறோம். ஒத்திகையிலே சுடாமல் விட்டவன் தோற்றவன். முந்திச் சுட்டவன் வென்றவன். அப்படியே பழகிய கையும் கண்ணும், வாய்ப்பு வந்தபோது என்ன செய்தன என்பதற்குச் சான்று இருக்கிறது.

விளையாட்டு வினையானது

1987 செப்டம்பர் 22. மத்தியதரைக் கடல். வட அட்லாண்டிக் ஒப்பந்த நாடுகளின் கடற்படை ஒத்திகை நடக்கிறது. ‘சரடோகா’ என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலைக் கண்டுபிடித்துப் படம் எடுத்து வருவது, அமெரிக்க விமானப்படையின் வேவு விமானம் ஒன்றுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஒத்திகைக் கணக்குப்படி அது ‘எதிரி’. கப்பலிலிருந்து கிளம்பிய எப்-14 போர் விமானம் அதைக் கண்டுகொண்டது. கப்பலிலிருந்து வானொலியிலே, அந்த விமானத்தை எதிரியாகக் கொள்ளலாம், தாக்கத் தடையில்லை என்று பொருள்படும் குறிச்சொல் வந்தது. ஒத்திகைக்காகச் சொன்ன சொல் அது. இளம் விமானி அதை மெய் என்று கொண்டார். மெய்யான ஏவுகணையை விட்டார். அமெரிக்கன் சுட்டு, அமெரிக்கனின் விமானம் கடலிலே விழுந்தது! அதிலிருந்த இருவரும் குதித்து உயிர் தப்பினார்கள். எதிரி நாட்டு விமானம் ஒன்றுகூட அன்று அந்த வானத்திலே சண்டைக்கு வரவில்லை என்பதை நினைவிலே கொள்ளுங்கள்.

பாடம் கற்றார்களா? 1992 அக்டோபர் தொடக்கம். அதே ‘சரடோகா’. அதே பெயரிலே நடந்த ஒத்திகை. நள்ளிரவிலே மாலுமிகளை எழுப்பி, திடீர்ப் பயிற்சி என்று ஏவுகணை மேடைக்கு அனுப்பினார்கள். பயிற்சி என்பதையே சிலருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. மேலே இருந்தவர் சொன்ன கட்டளைச் சொல், அவருக்கு ஒத்திகைச் சொல். கீழே இருந்தவருக்கோ, மெய்யாகவே ஏவுவதற்கு ஆயத்தம் செய்யும் சொல். இரண்டு ஏவுகணைகள் பாய்ந்தன. நட்பு நாடான துருக்கியின் ‘முவாவெனெட்’ கப்பல் தாக்கப்பட்டது. அதன் கேப்டன் உட்பட ஐந்து பேர் மாண்டார்கள்.

1996 ஜூன் 4. பசிபிக் கடலிலே பல நாட்டுக் கடற்படைகள் கூடிய ஒத்திகை. அமெரிக்க விமானம் ஒன்று, சுட்டுப் பழகுவதற்கான இலக்கைக் கயிற்றிலே கட்டி இழுத்துப் போயிற்று. ஜப்பானின் ‘யூகிரி’ என்ற கப்பலின் தானியங்கித் துப்பாக்கி, இலக்கை விட்டுவிட்டு, இழுத்துச் சென்ற விமானத்தையே சுட்டு வீழ்த்திற்று! விமானிகள் இருவரும் மீட்கப்பட்டார்கள்.

இவையெல்லாம் நண்பர்களுக்குள்ளே, முன்கூட்டியே நாள் குறித்து, வரைபடம் போட்டு, பெயர் வைத்து நடத்திய விளையாட்டுகள். யார் எங்கே இருப்பார்கள் என்று அறிந்திருந்தும் இந்தக் கதி. அறியாத இடத்திலே என்ன ஆகும்?

சுடாததற்குத் தண்டனை

அதற்கு முன் ஒன்று சொல்லியாக வேண்டும். ஈரானும் ஈராக்கும் எட்டாண்டுகள் போரிட்ட காலம். 1987 மே 17 அன்று பாரசீக வளைகுடாவிலே அமெரிக்காவின் ‘ஸ்டார்க்’ என்ற கப்பல் ரோந்து சுற்றிக்கொண்டிருந்தது. ஈராக் விமானம் ஒன்று வந்தது. ஈராக் அன்று அமெரிக்காவுக்குப் பகை நாடு அல்ல. ‘யார் நீ’ என்று வானொலியிலே கேட்டார்கள். பதில் இல்லை. ஏவுகணைகள் இரண்டுதான் பதிலாக வந்தன. 37 மாலுமிகள் மாண்டார்கள். அவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள், கூலிக்குக் கடலிலே கிடந்தவர்கள். அவர்களுக்காகவும் நம் நெஞ்சு வருந்துகிறது.

விசாரணை நடந்தது. கப்பலைக் காக்கத் தவறினார் என்று கேப்டன் கண்டிக்கப்பட்டார். பதவியோடு அவர் வாழ்க்கை முடிந்தது. காத்திருக்காதே, முந்திக்கொள் என்ற கருத்து விதிகளிலே அழுத்தம் பெற்றது. வளைகுடாவுக்குச் சென்ற ஒவ்வொரு கேப்டன் மனத்திலும் ஒரு வாசகம் எழுதப்பட்டுவிட்டது: ‘சுடாமல் இருந்தால் தண்டனை உண்டு.’ சுட்டுவிட்டால் என்ன கிடைக்கும் என்பது பிறகு தெரிந்தது.

ஏழு நிமிடம்

1988 ஜூலை 3. ஈரானின் பந்தர் அப்பாஸ் நகரத்து விமான நிலையம். அங்கே பயணி விமானமும் வரும். படை விமானமும் நிற்கும். ஈரான் விமானக் கழகத்தின் 655 எண் விமானம் துபாய்க்குக் கிளம்ப வேண்டியது 9 மணி 50 நிமிடத்துக்கு. 27 நிமிடம் தாமதமாகி, 10 மணி 17 நிமிடத்துக்குக் கிளம்பிற்று. மொத்தம் 28 நிமிடப் பயணம். உள்ளே பயணிகள் 274, பணியாளர் 16. அறுபதுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள்.

கீழே ஹோர்முஸ் நீரிணையிலே, ‘வின்சென்ஸ்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல். ஏஜிஸ் என்ற புதிய கருவி பொருத்திய கப்பல். ஏறத்தாழ நூறு கோடி டாலர் விலை. விரிந்த பெருங்கடலிலே சோவியத் விமானங்கள் கூட்டமாக வந்தால் ஒரே வேளையிலே பலவற்றைத் தாக்குவதற்காகச் செய்த கப்பல். மீன்பிடிப் படகும், சரக்குக் கப்பலும், பயணி விமானமும் நெருக்கியடிக்கும் குறுகிய நீரிணைக்கு அது வந்திருந்தது. அன்று காலை ஈரானின் சிறு படகுகளைத் துரத்திக்கொண்டு போய், ஈரானின் கடல் எல்லைக்குள்ளேயே நுழைந்து சுட்டுக்கொண்டிருந்தது. எல்லைக்குள் நுழைந்ததை அமெரிக்கத் தளபதி அட்மிரல் குரோ ஒப்புக்கொண்டது 1992-இல்தான்!

விமானம் தரையை விட்டுக் கிளம்பியதுமே வின்சென்ஸின் ரேடார் அதைக் கண்டது. வீசிய கேள்விக்கு அது பயணி விமானத்துக்குரிய எண்ணைத்தான் சொன்னது. ஆனால் கருவியின் முன்னே இருந்தவர், படை விமானத்துக்குரிய எண் ஒன்றும் வந்ததாகக் கண்டார். எங்கிருந்து வந்தது? கேள்வி வீசும் இடத்தை, நகரும் விமானத்தோடு நகர்த்திக்கொண்டே போக வேண்டும். அவர் அதை விமான நிலையத்தின் மேலேயே விட்டுவைத்துவிட்டார். அங்கே தரையிலே நின்ற படை விமானத்தின் பதிலை, வானிலே போகும் பயணி விமானத்தின் தலையிலே கட்டியிருக்கலாம் என்பதே விசாரணை கண்ட விளக்கம். தெருவிலே போகிறவனைப் பார்த்துப் பெயர் கேட்க, வீட்டுக்குள்ளே இருப்பவன் பதில் சொன்ன கதை!

‘எப்-14 வருகிறது’ என்ற சொல் அறை முழுதும் பரவிற்று. அந்த எப்-14 யார் கொடுத்தது தெரியுமா? ஷா மன்னர் ஆண்டபோது அமெரிக்காவே ஈரானுக்கு விற்றது. விற்ற கடைக்காரனே தன் சரக்கைக் கண்டு நடுங்கினான்!

பயணி விமானமாக இருக்குமோ என்று ஒருவருக்கு ஐயம் வந்தது. கால அட்டவணையைப் புரட்டினார்கள். அந்த நேரத்துக்கு எந்த விமானமும் இல்லை என்று முடிவு கட்டினார்கள். விமானம் தாமதமாகக் கிளம்பிற்று; கப்பலின் கடிகாரத்துக்கும் ஈரான் கடிகாரத்துக்கும் அரைமணி வேறுபாடு; அறையிலோ இருட்டு; மேலே பீரங்கி அதிர்கிறது. ‘பயணி விமானமாக இருக்கலாம்’ என்று ஓர் அதிகாரி கேப்டனுக்குச் சொல்லவும் செய்தார். கேப்டன் கையை உயர்த்தினார். கேட்டுக்கொண்டேன் என்று பொருள். அதோடு அந்தச் சொல் செத்துப் போயிற்று.

எச்சரிக்கை கொடுத்தோம் என்கிறார்கள். கொடுத்தார்கள். ஏழு முறை, படை விமானங்கள் கேட்கும் அலைவரிசையிலே! பயணி விமானத்திலே அதைக் கேட்கும் கருவியே கிடையாது. பொது அலைவரிசையிலே சில முறை கூப்பிட்டபோதும், ‘அடையாளம் தெரியாத விமானமே’ என்றுதான் கூப்பிட்டார்கள். தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று அந்த விமானி எப்படி அறிவார்? அவரோ தரை நிலையத்தோடு ஒழுங்காகப் பேசிக்கொண்டு, அனுமதித்த வான்வழியிலே போய்க்கொண்டிருந்தார். அந்தப் பேச்சைக் கேட்க, நூறு கோடி டாலர் கப்பலிலே கருவி இல்லை!

இனி, நெஞ்சைப் பிளக்கும் பகுதி. விமானம் ஏறிக்கொண்டிருந்தது. கப்பலின் கருவி அதை அப்படித்தான் பதிவு செய்தது. பின்னர் நாடாக்களை எடுத்துப் பார்த்தபோது ஐயத்துக்கே இடமில்லை. ஆனால் அறையிலே இருந்தவர்கள், ‘இறங்குகிறது, வேகம் கூடுகிறது, நம்மை நோக்கிப் பாய்கிறது’ என்று கூவினார்கள்! உயரத்தைக் காட்டும் எண் பெரிய திரையிலே இல்லை. ஓரத்திலே சிறு திரையிலே இருந்தது. ஏறுகிறதா இறங்குகிறதா என்று அது நேராகச் சொல்லாது. எண்களை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து மனத்திலே கணக்குப் போட வேண்டும். இன்னொரு விந்தையும் உண்டு. விமானத்துக்கு முதலில் 4474 என்று எண் கொடுத்தார்கள். பிறகு கருவி அதை 4131 என்று மாற்றிவிட்டது. பழைய 4474 எண், எங்கோ தொலைவிலே இறங்கிக்கொண்டிருந்த வேறு விமானத்துக்குப் போயிற்று. ‘4474 என்ன செய்கிறது?’ என்று கேட்டவருக்கு, ‘இறங்குகிறது’ என்று பதில் கிடைத்திருக்கும் என்கிறார்கள் பின்னாளிலே ஆராய்ந்தவர்கள். நோயாளியின் படுக்கை எண்ணை மாற்றிவிட்டு, பழைய எண்ணைச் சொல்லி மருந்து கொடுத்தால் என்ன ஆகுமோ, அதுதான் ஆயிற்று.

அருகிலே ‘சைட்ஸ்’ என்று இன்னொரு அமெரிக்கக் கப்பல் இருந்தது, சிறிய கப்பல். அதன் தலைவர் டேவிட் கார்ல்சன், இந்த விமானத்தால் ஆபத்தில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார். ஆனால் பெரிய கப்பல், புதிய கருவி. நமக்குத் தெரியாதது ஏதோ அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ணினார். உரிய வேளையிலே அவர் கருத்து வின்சென்ஸின் காதிலே விழவில்லை.

10 மணி 24 நிமிடம். இரண்டு ஏவுகணைகள். 290 உயிர்கள். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

கிளம்பியதிலிருந்து சுட்டது வரை ஏழு நிமிடம்!

கருவி பொய் சொல்லவில்லை

தோழர்களே, இதிலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. கருவி பழுதல்ல. கருவி மெய்யைத்தான் சொன்னது. மனிதன்தான் தான் எதிர்பார்த்ததைக் கண்டான். அமெரிக்கக் கடற்படையின் விசாரணை அறிக்கையே இதைச் சொல்கிறது: ‘தாக்க வருகிறது’ என்று முன்னமே மனத்திலே எழுதிக்கொண்ட கதைக்கு ஏற்றபடி, வந்த செய்திகளையெல்லாம் திருத்திக்கொண்டார்கள் என்று.

அந்தக் கதையை யார் எழுதிக் கொடுத்தது? ஆண்டுக்கணக்கிலே செய்த பயிற்சி! பயிற்சித் திரையிலே வரும் குறியெல்லாம் எதிரி. எதிரி வருவான், பாய்வான், சுடுவான். நீ முந்த வேண்டும். விடுமுறைக்கு ஊர் திரும்பும் குடும்பத்தோடு ஒரு பயணி விமானம், அரைமணி தாமதமாக, நடுவிலே நுழையும் ஒத்திகையை எத்தனை முறை நடத்தினார்கள்? சுடாமல் விட்டவனுக்கு எத்தனை முறை புள்ளி போட்டார்கள்?

மாநாட்டுப் பந்தலிலே பணிபுரியும் தொண்டர் படைத் தோழனுக்கு இது எளிதிலே விளங்கும். ‘இன்று கலகக்காரர்கள் வருகிறார்கள்’ என்று காலையிலிருந்தே அவன் காதிலே ஓதிவிட்டால், மாலையிலே வேகமாக ஓடிவருகிறவன் எல்லாம் கலகக்காரனாகத்தான் தெரிவான்; காணாமற்போன குழந்தையைத் தேடி ஓடிவரும் தகப்பன்கூட! அதனால்தான் நல்ல தலைவர், ‘விரட்டு’ என்று மட்டும் சொல்லிவைப்பதில்லை. ‘முதலில் யாரென்று கேள்’ என்றும் சொல்லிவைக்கிறார்.

பதக்கமும் விலையும்

விசாரணை நடந்தது என்றோம். முடிவு என்ன? கேப்டன் வில்லியம் ராஜர்ஸ் மீது நடவடிக்கை இல்லை. ஒரே ஓர் அதிகாரிக்குக் கண்டனக் கடிதம் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தார்கள். மேலிடம் அதையும் வேண்டாம் என்று கைவிட்டது. 1990-இல் கேப்டனுக்குச் சேவைப் பதக்கம் கிடைத்தது! வின்சென்ஸைத் தலைமை தாங்கிய காலத்துச் சிறந்த பணிக்காக என்று எழுதிக் கொடுத்தார்கள். 290 பேரைப் பற்றி அந்தப் பட்டயத்திலே ஒரு சொல் இல்லை.

‘ஸ்டார்க்’ கேப்டன் சுடவில்லை, பதவி போயிற்று. ‘வின்சென்ஸ்’ கேப்டன் சுட்டார், பதக்கம் வந்தது. இனி வரும் கேப்டன் எதைக் கற்றுக்கொள்வார்? ஏட்டிலே ஆயிரம் விதி எழுதுங்கள். உண்மையான விதியை எழுதுவது பதவி உயர்வுப் பட்டியல்தான்! ஆலையிலே, ‘பாதுகாப்பே முதல்’ என்று சுவரிலே எழுதி வைத்துவிட்டு, எந்திரத்தை நிறுத்தியவனுக்குச் சம்பளம் பிடித்தால், தொழிலாளி எந்த விதியைப் படிப்பான்? சுவரைப் படிப்பானா, சம்பளச் சீட்டைப் படிப்பானா?

ஈரான் 1989-இல் உலக நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1996-இல் உடன்பாடு ஏற்பட்டது. சட்டப்படி குற்றம் செய்தோம் என்று அமெரிக்கா ஒப்புக்கொள்ளவில்லை. ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. மாண்ட 248 ஈரானியரின் குடும்பத்தாருக்கு 6 கோடியே 18 லட்சம் டாலர் கொடுத்தது. எப்படிப் பங்கிட்டார்கள்? இதைத் தொழிலாளத் தோழர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். சம்பாதிப்பவன் உயிருக்கு 3 லட்சம் டாலர். சம்பாதிக்காதவர் உயிருக்கு 1 லட்சத்து 50 ஆயிரம் டாலர்!

குழந்தை சம்பாதிப்பதில்லை, ஆகவே அரை விலை. அடுப்படியிலே ஆயுள் முழுதும் உழைத்த தாய் கூலி வாங்கியதில்லை. ஆகவே அவளும் அரை விலை. உயிரைக் கூலியால் அளக்கும் இந்தத் தராசு நமக்குப் புதிதல்ல. விபத்திலே கையிழந்த தொழிலாளிக்கு நட்ட ஈடு கணக்கிடும் மேசையிலே இதே தராசைத்தான் பார்த்திருக்கிறோம்.

அமெரிக்கா மட்டுமா?

அமெரிக்காவை மட்டும் ஏசிவிட்டுப் போவது நம் நோக்கமன்று. அப்படிச் செய்தால் அது நேர்மையும் ஆகாது. 1983-இல் சோவியத் போர் விமானம், வழி தவறிய கொரியப் பயணி விமானத்தைச் சுட்டு வீழ்த்தி 269 பேரைக் கொன்றது. அன்று அதைப் படுகொலை என்று முழங்கினார் அமெரிக்க அதிபர் ரீகன். ஐந்தாண்டு கழித்து அவர் ஆட்சியிலேயே 655 விழுந்தபோது, அது ‘தற்காப்பு’ ஆயிற்று! அடுத்தவன் சுட்டால் கொலை; நாம் சுட்டால் தவறுதல்!

655-ஐப் பறிகொடுத்த ஈரானாவது பாடம் கற்றதா? 2020 ஜனவரி 8 அன்று, அமெரிக்கா தாக்கும் என்று எதிர்பார்த்து விழித்திருந்த ஈரானின் புரட்சிக் காவல் படை, டெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் நாட்டுப் பயணி விமானத்தைச் சுட்டு வீழ்த்திற்று. 176 பேர் மாண்டார்கள். முதல் மூன்று நாள் மறுத்துவிட்டு, பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். அழுதவனே அடுத்தவனை அழவைத்தான்.

நம் வீட்டுக் கதையையும் மறைப்பானேன்? 2019 பிப்ரவரி 27. காஷ்மீரிலே பட்காம் அருகே, நம் விமானப்படையின் ஏவுகணையே நம் ஹெலிகாப்டரை வீழ்த்திற்று. படையினர் ஆறு பேர், தரையிலே இருந்த பொதுமகன் ஒருவர், ஏழு உயிர். பெரிய தவறு என்று விமானப்படைத் தலைவரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

2024 டிசம்பர் 22 அன்று செங்கடலிலே, ‘கெட்டிஸ்பர்க்’ என்ற அமெரிக்கக் கப்பல், தங்கள் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய தங்கள் விமானத்தையே சுட்டு வீழ்த்திற்று. இந்தக் கப்பலிலே இருந்ததும் அதே ஏஜிஸ்தான்! முப்பத்தாறு ஆண்டுகளிலே கருவி எத்தனையோ முறை திருத்தப்பட்டது. அச்சமும் அவசரமும் பழையபடியே இருந்தன. விமானிகள் இருவர் உயிர் தப்பினார்கள் என்பது ஆறுதல்.

நாம் கேட்பது

655-இலே மாண்டவர்களுள் பத்துப் பேர் இந்தியர். அவர்கள் பெயர் நம் ஏடுகளிலே நிலைக்கவில்லை. அந்த நீரிணையும் அந்த வளைகுடாவும் நமக்குத் தொலைவான இடமல்ல. நம் ஊர்க் கொத்தனாரும், தச்சரும், ஓட்டுநரும், செவிலியரும் கடன் வாங்கிச் சீட்டெடுத்துப் பறப்பது அந்த வானத்திலேதான். திரையிலே தெரியும் குறிக்குள்ளே இருப்பவன் நம் தம்பியாகவும் இருக்கலாம். ‘ஆவதென்ன’ என்று முதலிலே கேட்டீர்களே, ஆவது இதுதான்.

படை வேண்டாம், பயிற்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ‘ஸ்டார்க்’ கப்பலிலே எரிந்துபோன 37 மாலுமிகளை மறந்துவிட்டு, எப்போதும் காத்திரு என்று கரையிலே உட்கார்ந்து அறிவுரை சொல்வதும் அழகல்ல. நாம் கேட்பது வேறு.

சுடப் பழகுவதைப்போல், சுடாமலிருக்கவும் பழகட்டும். ஒவ்வொரு ஒத்திகையிலும், தாமதமாக வரும் பயணி விமானமும், பதில் சொல்லாத நண்பனும் நடுவிலே நுழையட்டும். அதைச் சரியாக அடையாளம் கண்டு விட்டவனுக்கு, எதிரியை வீழ்த்தியவனுக்குப் போடும் அதே புள்ளியைப் போடட்டும். ஒத்திகைச் சொல் வேறு, போர்ச் சொல் வேறு என்று, தூக்கத்திலே எழுப்பினாலும் குழம்பாதபடி வகுக்கட்டும்.

‘பயணி விமானமாக இருக்கலாம்’ என்று ஒருவன் சொன்னால், கையை உயர்த்திவிட்டு மறந்துவிடக் கூடாது. மறுப்புச் சொல்பவனுக்கு மறுமொழி சொன்ன பிறகே விசையைத் தொட வேண்டும். வின்சென்ஸுக்குப் பிறகு, நெருக்கடியிலே மனிதர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சித் திட்டமே நடத்திற்று. நல்லதே. ஆனால் ஆராய்ச்சி ஒரு பக்கம், பதக்கம் மறுபக்கம் என்றால், பதக்கம்தான் வெல்லும்.

பொறுப்பு மேலிருந்து கீழே வரட்டும். எண்ணைத் தப்பாகப் படித்த இளைஞனை மட்டும் பிடிக்காதீர்கள். பெருங்கடலுக்குச் செய்த கப்பலைச் சிறு நீரிணைக்கு அனுப்பியவன் யார்? பயணி விமானிகளின் பேச்சைக் கேட்கும் கருவி வைக்காமல் அனுப்பியவன் யார்? எல்லை தாண்டிப் போனதை நாலாண்டு மறைத்தவன் யார்? அவர்களையும் கூண்டிலே நிறுத்துங்கள் என்கிறோம்.

கடைசியாக ஒன்று. உயிருக்கு விலை போடும்போது, கூலிக் கணக்கைத் தூக்கி எறியுங்கள்! சம்பாதித்தவன், சம்பாதிக்காதவன் என்ற வேறுபாடு ஏவுகணைக்குத் தெரியவில்லை. எல்லோரையும் ஒரே நொடியிலே, ஒன்றுபோலத்தான் கொன்றது. கொல்லும்போது காட்டிய அந்தச் சமத்துவத்தை, ஈடு கொடுக்கும்போதாவது காட்டக் கூடாதா?